கேதம் சொல்லப் போன வழி

எங்கள் ஊர் வீரசோழனுக்குத் தெற்கே. நான் போன ஊர் குமாரலிங்கபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பேர் எழுதவில்லை. அந்த வீட்டுப் பெண் இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் பிழைக்கிறாள். போக முப்பது மைல் சொச்சம். வர முப்பது மைல் சொச்சம். ஒரே சைக்கிள், ஒரே பகல். எண்பத்தாறோ எண்பத்தேழோ, ஆனி மாதக் கடைசி.

பயணம் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், அருவி பார்க்கப் போவார்கள். நான் கேதம் சொல்லப் போனேன். சாவுச் செய்தியை எங்கள் பக்கம் கேதம் என்போம்.

பக்கத்து வீட்டுச் சோலையப்பன் விடியக்காலம் நாலு மணிக்குச் செத்துப்போனார். ரத்த சொந்தம் இல்லை. ஊர் முறைக்கு எனக்கு அண்ணன். ஒரு வாரமாக மூச்சு இழுத்தது. நினைவு கடைசி வரை இருந்தது. பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது.

அவர் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து ஒன்று சொன்னது.

"காளியம்மா வராம எடுக்க விடமாட்டேன்."

காளியம்மாள் அவருடைய ஒரே தங்கை. மேற்கே கட்டிக்கொடுத்தது. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் மகன் பாண்டிக்கு அவள் பெண்ணைக் கேட்டார் அண்ணன். பிள்ளை சின்னது, படிக்கட்டும் என்றாள். மறுபடி கேட்டதற்கு, கொடுக்கிற எண்ணம் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டாள். அத்தோடு சரி. நல்லது கெட்டதுக்குக்கூட அங்கிருந்து இங்கே ஆள் வருவதில்லை, இங்கிருந்து அங்கே போவதில்லை.

பாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்ப் பெரியவர் வானத்தைப் பார்த்தார். ஆனி வெயிலுக்கு உடம்பு தாங்காது, பொழுது சாயும் வரைக்கும் வைத்திருக்கலாம், அதற்குமேல் ஒரு நாழிகைகூட ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு பஸ் ஓடவில்லை. டிரைவர்களெல்லாம் வேலைக்குப் போகாமல் மூன்றாம் நாள். தந்தி கொடுத்தால் மறுநாள் போகும். என்னிடம் சைக்கிள் இருந்தது. எனக்குக் கரி வியாபாரம். கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கித் திருச்சுழிக்குச் சுமப்பேன். அதற்காகக் கனத்த கம்பியில் கேரியர் அடித்து வைத்திருந்தேன். இரண்டு மூட்டை தாங்கும்.

கேதம் சொல்ல ஒற்றையாக அனுப்ப மாட்டார்கள். இரண்டு பேர் போக வேண்டும். முத்திருளன் கூட வந்தான். என் பெண்சாதிக்குத் தம்பி. நல்லவன். வாய்தான் ஓயாது.

விடிய விடியக் கிளம்பினோம். ஒருவன் மிதிக்க வேண்டும், ஒருவன் பின்னால் உட்கார வேண்டும். ஆளுக்கு ஐந்நூறு மிதி என்று பேச்சு. எண்ணுவது மிதிக்கிறவன் பொறுப்பு.

எங்கள் சீமையில் மலை இல்லை என்பார்கள். சைக்கிளில் ஆள் வைத்து மேற்கே மிதித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். போகப் போக நிலம் ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். நடுநடுவே ஓடைகள் வரும். ஓடையில் இறங்கினால் அவ்வளவும் திரும்ப ஏற வேண்டும். ரோடு கண்மாய்க் கரைமேல் ஏறும், மடைக்குப் பக்கத்தில் கீழே விழும், மறுபடி ஏறும். இவ்வளவுக்கும் மேலே ஆனி மாதத்து மேல்காற்று. நெஞ்சில் கையை வைத்து ஒரு ஆள் தள்ளுவது போல விடாமல் அடித்தது.

"நானூத்தி எட்டு, நானூத்தி ஒம்பது" என்றான் முத்திருளன்.

"முந்நூத்தி ஏழுதான் ஆச்சு" என்றேன்.

"அடிக்கிற காத்துல நூறு பறந்துபோச்சு மச்சான். நான் என்ன செய்ய?"

திருச்சுழி வரும்போது வெயில் முதுகில் ஏறிவிட்டது. குண்டாறு மணலாகக் கிடந்தது. பெண்கள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கண்மாயில் கலங்கலாகவாவது கொஞ்சம் கிடந்தது. அன்றைக்கு அதுவே பெரிய சம்பத்தாகத் தெரிந்தது.

அண்ணனுக்குச் சகலை ஒருவர் அங்கே தையற்கடை வைத்திருந்தார். கடையைத் திறந்துகொண்டிருந்தார். நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கினோம். படி ஏறவில்லை. கேதம் சொல்கிறவன் படி ஏறக் கூடாது, உட்காரக் கூடாது, கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது.

"பெரியவுக காலமாயிட்டாக. பொழுது சாய எடுக்குறோம்" என்றேன்.

அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினார்.

"காளியம்மாளுக்கு?"

"அங்கதான் போறோம்."

"அது வருமா?"

சைக்கிளைத் திருப்பினேன். அவர் முத்திருளன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பொரிகடலையும் வெல்லமும். அதுதான் அருப்புக்கோட்டை வரை ஆகாரம்.

அருப்புக்கோட்டைக்கு இரண்டு மைல் இருக்கும்போது பின் டயர் தரையோடு போனது. கருவேல முள். கட்டை விரல் நீளம். அந்த மரத்தில்தான் எனக்குச் சோறு, அதனால் திட்டவில்லை. முத்திருளன் எனக்கும் சேர்த்துத் திட்டினான். இரண்டு மைலும் தள்ளினோம்.

ஊருக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். தெருத் தெருவாக, வீட்டுக்கு வீடு. பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் காலையில் கோழியும் ஆடும்தான் கேட்கும். ஒரு தெரு நீளத்துக்குச் சிவப்புப் பாவு நூலை விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். சைக்கிளை ஓரமாகத் தூக்கிக் கடந்தோம்.

பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேதமா?"

"எப்பிடித் தெரியும்?" என்றான் முத்திருளன்.

"ரெண்டு ஆளு, ஒரு சைக்கிளு, கையில ஒரு பையில்ல. இந்த நேரத்துல கெழக்கேருந்து வேர்த்துப்போயி வாரீக. வேற என்னவா இருக்கும், மாப்பிள்ளை அழைப்பா?"

பக்கத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். பருத்திக்கொட்டையை ஆட்டி எடுத்த பால், கருப்பட்டி, சுக்கு. சூடாக இறங்கியது. எங்கள் ஊரில் பருத்திக்கொட்டையை மாட்டுக்குத்தான் வைப்போம். முத்திருளன் இன்னொரு டம்ளர் கேட்டான். நேரமாகிறது என்றேன். குடித்துக்கொண்டே ஏறினான்.

அதற்குமேல் ரோடு ஒரே ஏற்றம். ஏறி முடித்தால் அந்தப் பக்கம் இறக்கம் இருக்க வேண்டும். இல்லை. இன்னொரு ஏற்றம்தான் இருந்தது. கரிசல் காடு முழுக்க வெடித்துக் கிடந்தது. காற்று மண்ணை வாரி வாயில் போட்டது. முத்திருளனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரோட்டோரம் படுக்கப் போட்டு நீவிவிட்டேன். அதற்குப் பிறகு நானே மிதித்தேன். எண்ணவில்லை.

பதினொரு மணி சுமாருக்கு ஊர் தெரிந்தது. ஊர் தெரிவதற்கு முன் பாட்டுச் சத்தம் வந்தது. காற்று எதிரே அடித்ததால் ஒரு மைலுக்கு முன்னாலேயே கேட்டது. ரேடியோசெட்டு. முத்திருளன் சந்தோஷமாகத் தலையை ஆட்டினான்.

"எவனுக்கோ கல்யாணம் மச்சான்."

ஊர் முகப்பில் ஆடு மேய்த்த பெண்ணிடம் காளியம்மாள் வீடு எது என்று கேட்டேன்.

"கல்யாண வீட்டைக் கேட்டா வாரீக? பாட்டுப் படிக்கிற வீடுதான். வெரசாப் போங்க. இன்னும் தாலி கட்டல."

முத்திருளன் சைக்கிளிலிருந்து இறங்கினான். நானும் இறங்கினேன்.

கூடப் பிறந்தவன் சாவு காதில் விழுந்தால் தீட்டு. தாலி கட்ட முடியாது. ஆனியில் அதுதான் கடைசி முகூர்த்தம். அப்புறம் ஆடி. ஆவணி வரை தள்ளிப்போட்டால், சாவு விழுந்த கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் நழுவினாலும் நழுவுவார்கள். சொல்லாமல் திரும்பினால் அவள் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் இல்லாமல் எடுக்க விடமாட்டேன் என்று ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"திரும்பிருவோம் மச்சான். வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிருவோம்" என்றான் முத்திருளன்.

"தாலி கட்டுற வரைக்கும் இருப்போம். கட்டினப்புறம் சொல்லுவோம்" என்றேன்.

"எழவு வீட்டுலேருந்து வந்து கல்யாண வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது?"

பக்கத்துத் தோட்டத்தில் பம்புசெட்டு ஓடியது. கட்டின துணியோடு இரண்டு பேரும் தொட்டியில் முங்கினோம். சாவு வீட்டிலிருந்து வந்தவனுக்குக் குளித்தால் தீட்டு கழிந்தது. அதையாவது சரியாகச் செய்தோம். கல்யாண வீட்டுக் கொல்லையை ஒட்டியிருந்த வைக்கோல் படப்புக்குப் பின்னால் சைக்கிளைச் சாத்தினேன். பஞ்சர்க் கடைக்காரர் கண்டுபிடித்ததை இந்த ஊரிலும் யாராவது கண்டுபிடிப்பார்கள். அதனால் முன்னே பின்னே தனித்தனியாக நுழைவது என்று முடிவு.

"நீ வாயத் திறக்காத" என்றேன்.

"தண்ணி குடிக்கக்கூடத் திறக்க மாட்டேன்" என்றான்.

பந்தலுக்குள் கால் வைத்ததும் காளியம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். கத்தரிப்பூக் கலர்ப் பட்டுச்சேலை. தலை நிறையப் பூ. கையில் சந்தனக் கும்பா. இருபது அடி தூரத்தில் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கீழே வேட்டியைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"ஏலே ராசு. நீயா?"

"ஆமாக்கா."

"என்ன இம்புட்டுத் தூரம்?"

நான் பொய் அதிகம் சொன்னதில்லை. அதிகம் பேசினதே இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்.

"அண்ணன் அனுப்புனாக. கல்யாணத்துக்குப் போயிட்டு வான்னு."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. கும்பாவைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள்.

"பத்திரிகை போட்டேன். கெடைச்சுச்சா?"

"கெடைச்சுச்சு."

"அண்ணன் அனுப்புச்சு, பாத்தீகளா" என்று திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "எங்கண்ணன் ஆளு அனுப்பியிருக்கு."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெண்ணுக்குத் தாய்மாமன்தான் மாலை போட்டு மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வர வேண்டும். அண்ணன் வராததால் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மாலையோடு தயாராக நின்றார். பேர் சுந்தரம். அந்த மாலையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீ போடு. எங்கண்ணன் எடத்துல நீ நில்லு."

"வேண்டாங்க்கா. அவுகளே போடட்டும்."

"போடுலே."

சுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. "மூணு நாளா பந்தக்கால் ஊண்டுறது நானு. விறகு பொளக்குறது நானு. மாமன் பட்டம் நேத்துப் பெஞ்ச மழையில மொளைச்சவுகளுக்கு."

"மழை எங்கய்யா பெஞ்சுச்சு?" என்று ஒரு கிழவர் கேட்டார். பந்தலே சிரித்தது.

பெண் குனிந்து நின்றது. மாலையைப் போட்டேன். அதன் கையைப் பிடித்தேன். சின்னக் கை, வேர்த்திருந்தது. மணவறை வரை பத்து எட்டு வைக்க வேண்டும். அன்றைக்கு ஓட்டிய அறுபது மைலில் அந்தப் பத்து எட்டுதான் ஏற்றம்.

முத்திருளன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். சுந்தரம் அவனிடம் போனார். நான் மணவறை ஓரத்தில் நின்றேன், பேச்சு காதில் விழுந்தது.

"நீங்களும் அந்த ஊருதான? பெரியவுகளுக்கு ஒடம்பு சொகமில்லைன்னு கேள்விப்பட்டோமே. இப்ப எப்பிடி இருக்காக?"

முத்திருளன் கண்ணை மூடித் திறந்தான்.

"இப்ப ஒண்ணும் தொந்தரவு இல்லைங்க" என்றான்.

கெட்டிமேளம் கொட்டினார்கள். பதினொன்றரை. தாலி ஏறியது. நானும் அட்சதை போட்டேன்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் காளியம்மாள் என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். கோட்டை அடுப்பில் சாம்பார் கொதித்தது. சமையல்காரர்கள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வைக்கோல் படப்பு வரைக்கும் நடந்து போய் நின்றாள். அங்கே என் சைக்கிள் சாத்தியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"எப்ப?"

"விடியக்காலம். நாலு மணிக்கு."

"எடுக்குறது?"

"பொழுது சாய."

அவள் அழவில்லை. மூக்கைச் சிந்திச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா அக்கா?"

"வேட்டி ஈரம் சொட்டச் சொட்ட எவன்டா கல்யாணத்துக்கு வருவான்? பாத்தேன். கேக்கல. கேட்டாத்தான தீட்டு."

அந்த மாலையை என் கையில் கொடுக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"கெளம்பு" என்றாள்.

முத்திருளனைக் கூப்பிட்டேன். அவள் அவனிடம் சொன்னாள்: "மாப்பிள்ளை வீட்டு வேன் பொண்ணை ஏத்திட்டுப் போற வரைக்கும் நீ இங்கயே இரு. போனப்புறம் எங்க வீட்டுக்காரவுககிட்டச் சொல்லு. அவுக வேற வண்டி பிடிச்சு வரட்டும். அதுவரைக்கும் வாயில சோத்தை வச்சுக்க."

"மூணு பந்தி உக்காந்துருவேன் மதினி" என்றான் பாவம். அவன் கண் கலங்கியிருந்தது.

அவள் சேலை மாற்றவில்லை. மாற்றப் போனால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். கேரியரில் கரி படிந்து கிடந்தது. என் துண்டை விரித்தேன். பட்டுச்சேலையோடு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். தோட்டத்து வரப்பு வழியாக ரோட்டுக்கு வந்தோம். பின்னால் ரேடியோசெட்டு பாடிக்கொண்டே இருந்தது.

இப்போது காற்று எனக்கு முதுகில். காலையில் நெஞ்சைத் தள்ளின கை இப்போது பின்னால் வந்து தள்ளியது. ஏற்றமெல்லாம் இறக்கமாகியிருந்தது. பல இடத்தில் மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. அந்த வேகத்தில் சரளைக் கல் ஒன்று பட்டாலும் இரண்டு பேரும் கவிழ்வோம். பிரேக்கைப் பிடித்தே கை மரத்துப்போனது.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே டிரைவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் எழுந்தார்.

"என்ன மாமோய், பட்டுச்சேலையோட யாரைத் தூக்கிட்டுப் போறீக?"

இன்னொருவர், "பஸ்ஸு ஓடாட்டி ஜோடியெல்லாம் சைக்கிள்லதான்யா" என்றார்.

நான் திரும்பவில்லை. பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நீ பஸ்ஸை ஓட்டியிருந்தா நான் ஏன்டா இதுல ஏறுறேன்? வழியை விடு."

அவர்கள் சிரித்தபடி வழி விட்டார்கள். ஒருவர் கையைத் தட்டினார். நான் மிதித்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு கேரியர் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் கொதித்தது. தாரில் டயர் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. திருச்சுழியில் ஒரு கடையில் நிறுத்திக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினாள். கடைக்காரம்மா சேலையைப் பார்த்தது.

"சேலை நல்லாருக்கே. மகளுக்குக் கல்யாணமா?"

"ஆமா."

"முடிஞ்சுதா?"

"நல்லபடியா முடிஞ்சுது."

கேட்டதற்கு மட்டும் பதில். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தையற்கடை பூட்டிக் கிடந்தது. சகலை எங்கள் ஊருக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

திருச்சுழி தாண்டி ஓடை இறக்கத்தில் செயின் கழன்றது. மாட்டினேன். கால் மைலில் மறுபடி கழன்றது. பின் சக்கரம் கோணியிருந்தது. கல்லால் தட்டி நேராக்கினேன். அவள் பொறுமையாக நின்றாள். ஒரு தடவை மட்டும் மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தாள்.

"நடந்தா எம்புட்டு நேரம்?"

"நடக்க வேண்டாம்."

ஏற்றம் வந்த இடத்தில் நான் சொல்லாமலே இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினாள். கல்யாண வீட்டுச் சேலையில் முழங்கால் வரை புழுதி. அண்ணனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்படிச் செத்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நாலு மணிக்குச் செத்தவர் என்னைக் கல்யாணத்துக்கு எப்படி அனுப்பியிருக்க முடியும் என்றும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வது என்று வைத்திருந்தேன்.

ஊர் நெருங்கியும் மேளச் சத்தம் கேட்கவில்லை. காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்ததால் சத்தத்தை அந்தப் பக்கமே கொண்டுபோனது. கண்மாய்க் கரை ஏறினபோது வேட்டுப் புகையைத்தான் முதலில் பார்த்தோம்.

எடுத்துவிட்டார்கள். உடம்பு தாங்கியிருக்காது. சுடுகாட்டுப் பாதையில் பாடை வந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் ஒரு கல் உண்டு. அங்கே பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அந்தக் கல்லுக்குப் பெண் வந்து நான் பார்த்ததில்லை. கரையிலிருந்து கல்லுக்கு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. மேடு பள்ளம் பார்க்காமல் விட்டேன். செயின் மூன்றாம் தடவை கழன்றது. இறக்கம் என்பதால் சைக்கிள் அதுபாட்டுக்கு ஓடிக் கல்லுக்கு இருபது அடியில் போய் நின்றது. அப்போதுதான் பாடையை இறக்கினார்கள்.

அவள் இறங்கினாள். பட்டுச்சேலை, பூ, நெற்றி நிறையக் குங்குமம். கொட்டு நின்றது.

ஊர்ப் பெரியவர் கையை நீட்டி மறித்தார். "தாயி, இங்கன பொம்பளையாளு வரப்படாது."

"தெரியும்" என்றாள். நடந்துகொண்டே இருந்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்தாள். பிறகு, காட்டில் தூரத்தில் நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்.

"அண்ணே. நீ அனுப்புன ஆளு வந்து சேந்தான். ஒன் எடத்துல நின்னு மாலை போட்டான். பதினொன்றரைக்குத் தாலி கட்டியாச்சு. ஒரு கொறையும் இல்ல."

அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். வாய்க்கரிசி வாங்கி மூன்று தடவை அண்ணன் வாயில் போட்டாள். மூன்றாவது பிடியில்தான் அரிசி சிந்தியது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். யாரும் போகச் சொல்லவில்லை.

பாண்டி கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். புகையில் கண் சிவந்திருந்தது.

"சித்தப்பா. அப்பாவா அனுப்புனாரு?"

"ஆமா."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பத்திரிகை வந்துச்சு. நான்தான் வாங்குனேன். அவருகிட்டக் காட்டாம அடுப்புல போட்டுட்டேன். அவருக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தப் பக்கம் தூக்குங்கப்பா என்று பெரியவர் சத்தம் கொடுத்தார்.

"தபால்காரரு சொல்லியிருக்காரு" என்றேன். "நேத்துச் சாயந்தரம் என்னைக் கூப்புட்டுச் சொன்னாரு. போயிட்டு வாடா ராசுன்னு. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தே."

முந்தின நாள் அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனானா, இல்லையா, எனக்குத் தெரியாது. பாண்டி என்னையே பார்த்தான்.

"ஆமா" என்றான். "போயிருந்தேன்."

சட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.